ஆல்ப்ஸ் மலைக் காட்டில் காளான் தேடல்: அறியாததை விட்டுவிடும் கலை

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைச் சரிவுகளில் கோடையின் பிற்பகுதியிலிருந்து இலையுதிர்காலம் முடியும் வரை, மழை பெய்து ஓய்ந்த நாள்களில் காட்டுப் பாதைகளெங்கும் பிரம்புக் கூடையும் சிறு கத்தியும் ஏந்தி நடப்போரைக் காணலாம். அவர்கள் தேடுவது தாமாகவே முளைக்கும் காளான்களை. ஸ்விட்ஸர்லாந்து, இத்தாலி, ஆஸ்திரியா ஆகிய நாடுகளில் இது பல தலைமுறைகளாக நிலவி வரும் வழக்கம். உண்ணத்தக்க காளான் வளரும் அதே காட்டில், உண்டாரைக் கொல்லும் காளானும் வளர்கிறது. இரண்டும் சில வேளைகளில் ஒரே மரத்தடியிலேயே காணப்படுகின்றன.

இவ்விடர்ப்பாட்டைத் தவிர்க்கும் பொருட்டு ஸ்விட்ஸர்லாந்தில் இரு ஏற்பாடுகள் வேரூன்றியுள்ளன. முதலாவது, காளான் ஆய்வுச் சங்கங்கள் புதியவர்களுக்காக நடத்தும் வழிகாட்டியுடன் கூடிய காட்டு நடை. இரண்டாவது, சேகரித்து வந்த கூடையைத் தேர்ச்சி பெற்ற பரிசோதகர் ஒருவர் ஒவ்வொரு காளானாக எடுத்துப் பார்த்து அனுமதிக்கும் பரிசோதனை நிலையம். இவ்விரு ஏற்பாடுகளும் எவ்வாறு செயற்படுகின்றன, அவற்றிலிருந்து ஆசிரியரும் களப்பணியாளரும் அறியத்தக்கது யாது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

காளானின் இயல்பு

நடை தொடங்குமுன் வழிகாட்டி முதலில் விளக்குவது, நாம் காளான் என்று அழைப்பது முழு உயிர் அன்று என்னும் உண்மையையே. மண்ணிலும் மட்கிய மரத்திலும் நூலினும் மெல்லிய இழைகள் வலைபோற் பின்னிப் பரவியுள்ளன. அவ்விழைவலையே பூஞ்சணத்தின் உண்மையான உடல். தரைக்கு மேலே தோன்றும் குடை, மரத்திற்குக் கனி எவ்வாறோ அவ்வாறு, இனப்பெருக்கத்திற்காகச் சில நாள்கள் மட்டும் தோன்றி மறையும் உறுப்பு. குடையின் அடிப்புறத்திலுள்ள தகடுகளிலிருந்தோ நுண்துளைகளிலிருந்தோ ஸ்போர் எனப்படும் நுண்துகள்கள் உதிர்ந்து காற்றிற் பரவுகின்றன.

நிலத்தடி உடல் எவ்வளவு பெரிதாக இருக்கக் கூடும் என்பதற்கு ஸ்விட்ஸர்லாந்திலேயே ஒரு சான்று உண்டு. அந்நாட்டின் தேசியப் பூங்காவில், ஓஃபன் கணவாயின் அருகே, ஆர்மில்லேரியா வகையைச் சேர்ந்த ஒரே பூஞ்சணம் ஏறத்தாழ 35 ஹெக்டேர் பரப்பில் வியாபித்திருப்பதை ஆராய்ச்சியாளர் 2004-இல் அறிவித்தனர். அதன் வயது ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு என மதிப்பிடப்பட்டது.

பூஞ்சணங்களிற் சில மட்கியவற்றை உண்டு வாழ்வன. சில உயிருள்ள மரத்தைத் தாக்குவன. வேறு சில மரத்துடன் கூடி வாழ்வன. மூன்றாம் வகையில், பூஞ்சண இழைகள் மரத்தின் நுனி வேர்களைச் சூழ்ந்துகொண்டு, மண்ணிலிருந்து நீர், பாஸ்பரஸ், நைட்ரஜன் முதலியவற்றைத் திரட்டி மரத்திற்கு அளிக்கின்றன. மரமோ தன் இலைகள் உண்டாக்கிய சர்க்கரையில் ஒரு பங்கை அவற்றிற்குத் தருகிறது. இக்கூட்டுறவிற்கு 1885-இல் மைக்கோரைசா, அதாவது பூஞ்சண வேர், எனப் பெயரிட்டவர் ஜெர்மானியத் தாவர நூலறிஞர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்டு ஃபிராங்க் ஆவார். மலைக் காட்டில் மக்கள் விரும்பித் தேடும் காளான்களிற் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றைத் தோட்டத்திற் பயிரிடுவது மிக அரிதாக இருப்பதற்கும், அவற்றைத் தேடி மனிதர் காட்டிற்குச் செல்ல வேண்டியிருப்பதற்கும் இதுவே காரணம்.

முதலில் மரத்தைப் பார்த்தல்

ஆகவே வழிகாட்டி தரையை நோக்குமுன் தலையை உயர்த்தி மரங்களை நோக்குமாறு கூறுகிறார். எந்த மரம் நிற்கிறது என்பதைக் கொண்டே எந்தக் காளானை எதிர்பார்க்கலாம் என ஊகிக்க இயலும். லார்ச் மரம் இருந்தால் மட்டுமே அதன் துணையான மஞ்சள் நிற லார்ச் காளான் முளைக்கும். பால் வடியும் லாக்டேரியஸ் காளான்களில் ஒன்று ஸ்புரூஸ் மரத்தடியிலும், அதனை ஒத்த மற்றொன்று வெள்ளி ஃபர் மரத்தடியிலும் வளர்கின்றன. இரண்டையும் முறித்தால் செம்மஞ்சள் நிறப் பால் கசியும்.

உயரமும் கருதத்தக்கது. பள்ளத்தாக்கை அடுத்த தாழ்ந்த சரிவுகளில் ஓக், பீச் முதலிய அகன்ற இலை மரங்கள் நிற்கின்றன. கொடிய நஞ்சுடைய மரணக் குடைக் காளான், அதாவது அமானிட்டா பலாய்டிஸ், பெரிதும் இம்மரங்களோடு உறவு கொண்டது. மேலே ஸ்புரூஸ் காட்டை அடைந்ததும், அந்த ஆபத்து பின்தங்கிவிட்டது என எண்ணுதல் கூடாது. அங்கே அதன் உறவினமாகிய வெண்ணிற அமானிட்டா வைரோஸாவும், சிறுநீரகத்தை அழிக்கும் கார்ட்டினேரியஸ் இனமொன்றும் ஈரப் பாசியினிடையே காத்திருக்கின்றன. இடம் மாறும்போது ஆபத்து நீங்குவதில்லை. அதன் உருவம் மாறுகிறது.

எடுக்கும் முறை

அறிமுகமான உண்காளானைத் தண்டோடு மெல்லத் திருகி எடுக்கலாம். கத்தியால் அறுத்தும் எடுக்கலாம். ஆனால் இன்னதென்று அறியாத காளானை ஒருபோதும் அறுத்தெடுத்தல் ஆகாது. அதனை அடிப்பகுதியோடு மண்ணிலிருந்து முழுமையாக அகழ்ந்து எடுத்தல் வேண்டும். மரணக் குடைக் காளானின் தலையாய அடையாளம், தண்டின் அடியை மூடியுள்ள கிண்ணம் போன்ற உறையாகும். அது மண்ணுக்குள் புதைந்திருப்பதால், தண்டை மேலே அறுத்தவர் அந்த அடையாளத்தைக் காட்டிலேயே விட்டுவந்தவராகிறார். அகழ்ந்த குழியைப் பாசியினால் மூடிவிடுவது வழக்கம்.

அறியாதவற்றைத் தனிப் பெட்டியில் வைக்க வேண்டும். உண்பதற்கென எடுத்தவற்றுடன் அவை கலத்தல் கூடாது. காற்றோட்டமுள்ள கூடையே ஏற்றது. பிளாஸ்டிக் பையில் அடைத்த காளான் வியர்த்து, வெப்பமுற்று, விரைவில் அழுகுகிறது. நல்ல காளானும் அழுகியபின் நஞ்சாகும். காளானால் நேர்ந்ததாகக் கூறப்படும் வயிற்றுக் கோளாறுகளில் ஒரு பகுதி இவ்வாறு கெட்டுப்போன உண்காளான்களால் விளைந்ததே. மிக இளையதையும் மிக முதிர்ந்ததையும் எடுக்காமல் விடுவது நன்று. இளையதில் அடையாளங்கள் இன்னும் விரிந்து தோன்றா. முதிர்ந்ததில் அவை சிதைந்திருக்கும்.

பின்னர் வழிகாட்டி ஒவ்வொரு காளானையும் கண்ணால் மட்டுமன்றி, மூக்காலும் விரலாலும் ஆராயப் பயிற்றுகிறார். குடையின் அடியில் இருப்பது தகடா, துளையா, முள்ளா? தகடு தண்டோடு ஒட்டியுள்ளதா, விலகியுள்ளதா? தண்டில் வளையம் உண்டா? வெட்டிய இடம் நீலமாகிறதா? மணம் யாது? ஒன்று சோம்பு மணக்கும். ஒன்று முள்ளங்கி நாறும். வேறொன்று பச்சை உருளைக்கிழங்கை நினைவூட்டும். இவற்றில் எந்த ஒன்றும் தனித்து நின்று முடிவு கூறாது. எல்லா அடையாளங்களும் ஒருங்கே பொருந்தினால் மட்டுமே ஓர் இனத்தின் பெயரைச் சொல்லலாம்.

ஒத்த உருவங்கள்

ஸ்விட்ஸர்லாந்தின் ஜெர்மன் மொழிப் பகுதியில் முட்டைக் காளான் எனப் பொருள்படும் பெயரால் வழங்கும் காளான், பிரெஞ்சு மொழியில் ஷாந்தரெல் எனப்படுகிறது. முட்டையின் மஞ்சட்கரு நிறமும் பாதாமி எனப்படும் ஏப்ரிகாட் பழத்தின் மெல்லிய மணமும் உடையது. அதன் அடிப்புறத்தில் உண்மையான தகடுகள் இல்லை. தண்டின்மேல் இறங்கி ஓடும் மழுங்கிய மடிப்புகளே உள்ளன. பொய் ஷாந்தரெல்லில் இருப்பவையோ மெல்லிய உண்மைத் தகடுகள். இது பெரும்பாலும் வயிற்றைக் கெடுப்பதோடு நிற்கும். ஆனால் செம்பழுப்பு நிறக் கார்ட்டினேரியஸ் ஒன்றையும் விரைவில் பறிப்போர் இதே கூடையிற் போட்டுவிடக் கூடும்.

அக்கார்ட்டினேரியஸின் வரலாறு எச்சரிக்கை தருவது. அது தீங்கற்றது என நெடுங்காலம் கருதப்பட்டது. 1952-இல் போலந்தில் அதனை உண்டோருள் நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர், பதினொருவர் இறந்தனர். காரணம் இன்னதெனத் தெளியச் சில ஆண்டுகள் ஆயின. ஏனெனில், உண்ட நாளுக்கும் சிறுநீரகம் செயலிழக்கும் நாளுக்கும் இடையே இரண்டு நாள் முதல் இரண்டு மூன்று வாரம் வரை கடந்துவிடுகிறது. நோயாளி காளானையே மறந்திருப்பார்.

மரணக் குடைக் காளானிலும் இத்தகைய கால இடைவெளியே பெருங்கேடு விளைக்கிறது. உண்டபின் ஆறு மணி முதல் இருபத்து நான்கு மணி நேரம் வரை ஒன்றும் தோன்றாது. பின்னர்க் கடும் வாந்தியும் பேதியும் உண்டாகும். அவை தணிந்து, நோயாளி தேறிவிட்டதாக எல்லாரும் மகிழும் அவ்வேளையிலேயே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். அதிலுள்ள அமானிட்டின் என்னும் நஞ்சு, உயிரணுக்கள் புரதம் உண்டாக்குவதற்கு இன்றியமையாத ஒரு நொதியைத் தடுத்துவிடுகிறது. கொதிக்க வைத்தாலும் உலர்த்தினாலும் இந்நஞ்சு அழியாது. சிலரைக் காப்பாற்றக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை ஒன்றே வழியாகிறது.

பொய்யான சோதனைகள்

நஞ்சுக் காளானைக் கண்டறிய எளிய சோதனை உண்டென்னும் நம்பிக்கை பல நாடுகளிலும் பரவியுள்ளது. காளானுடன் கொதிக்கும் வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு என்பர். வெங்காயமோ பூண்டோ நிறம் மாறினால் நஞ்சு என்பர். புழுவும் நத்தையும் தின்றிருந்தால் நல்லது என்பர். குடையின் தோல் உரிந்தால் உண்ணலாம் என்பர். இவை யாவும் பொய். மரணக் குடைக் காளான் வெள்ளியைக் கறுக்கச் செய்யாது. நத்தைகள் அதனைத் தின்கின்றன. அதன் தோலும் உரியும். சுவையும் சான்றாகாது. அதனை உண்டு நோயுற்றோரே அது சுவையாக இருந்ததெனக் கூறியுள்ளனர்.

முன்பு உண்டு பழகியது என்பதும் முழு உறுதி அளிப்பதில்லை. பாக்ஸில்லஸ் இன்வொல்யூட்டஸ் என்னும் பழுப்புக் காளானை ஐரோப்பாவில் பலர் சமைத்து உண்டு வந்தனர். ஜெர்மானியக் காளான் நூலறிஞர் ஜூலியஸ் ஷேஃபர் 1944-இல் அதனை உண்டு இறந்தார். பலமுறை உண்டபின், சிலரது உடலில் அது இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும் எதிர்வினையைத் தூண்டுகிறது என்பது பின்னரே விளங்கிற்று. சந்தையில் விற்று வந்த மஞ்சள் நிற டிரைக்கோலோமா ஒன்றை அடுத்தடுத்து மிகுதியாக உண்ட பன்னிருவர் தசைச் சிதைவுற்றதும், அவர்களுள் மூவர் இறந்ததும் 2001-இல் பிரான்சிலிருந்து வெளியாயின. அதன்பின் பல நாடுகள் அதனை உண்ணத்தக்கவற்றின் வரிசையிலிருந்து நீக்கின.

இக்காலத்தில் கைப்பேசியிற் படம் எடுத்தால் காளானின் பெயரைக் கூறும் செயலிகள் வந்துள்ளன. பெயரை ஊகிக்க அவை உதவலாம். உண்பதற்கு அவற்றை நம்புதல் ஆகாது. மண்ணுக்குள் உள்ள உறையையும், மணத்தையும், ஸ்போரின் நிறத்தையும் ஒரு நிழற்படம் காட்டுவதில்லை.

பரிசோதனை மேசை

மாலையில் நடை முடிவுறும் இடம் பரிசோதனை மேசை. ஸ்விட்ஸர்லாந்தில் அதிகாரபூர்வக் காளான் பரிசோதகர்களின் சங்கம் 1925-இல் நிறுவப்பட்டது. வாப்கோ என்பது அதன் சுருக்கப் பெயர். பரிசோதகராக விரும்புவோர் பயிற்சி பெற்று, தேர்வில் தேறுதல் வேண்டும். பல ஊர்களில் பருவ காலத்தில் குறித்த நாள்களில், பெரும்பாலும் கட்டணமின்றி, பொதுமக்களின் கூடைகள் பார்வையிடப்படுகின்றன. இதற்கான விதிகள் கன்டன் என வழங்கும் மாநிலந்தோறும் வேறுபடும்.

கூடை முழுவதும் மேசைமீது கொட்டப்படுகிறது. பரிசோதகர் ஒவ்வொன்றையும் கையிலெடுத்து, இனவாரியாகப் பிரிக்கிறார். உண்ணத்தக்கவை ஒருபுறம், பழுதடைந்தவையும் நஞ்சுடையவையும் மறுபுறம். நஞ்சுடையவை சேகரித்தவரிடம் திருப்பித் தரப்படுவதில்லை. கொடிய இனமொன்றின் உடைந்த துண்டுகள் கூடையிற் சிதறியிருந்தால், அதனோடு கிடந்த நல்லனவும் விலக்கப்படலாம். இறுதியில், அனுமதித்தவற்றின் பெயரும் எடையும் எழுதிய சீட்டு ஒன்று வழங்கப்படுகிறது. அரைநாள் அலைந்து சேகரித்ததைச் சில நிமிடங்களில் இழப்பது எளிதன்று. எனினும் மேசையின் முன் நிற்பவர், எந்த அடையாளத்தைத் தாம் காணத் தவறினார் என்பதை அங்கேயே கற்றுக்கொள்கிறார். அடுத்த முறை அதே காளான் அவரது கூடைக்குள் நுழைவதில்லை.

நோய்க்குறி தோன்றியவர்க்கும் ஏற்பாடு உண்டு. 1966 முதல் ஜூரிக் நகரில் இயங்கி வரும் நஞ்சுத் தகவல் நிலையத்தை 145 என்னும் எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். உண்ட நேரம், நோய்க்குறி தொடங்கிய நேரம் ஆகிய இரண்டும் முதலிற் கேட்கப்படும். சமைத்த மிச்சம், நறுக்கி எறிந்த துண்டுகள், வாந்தி ஆகியவற்றைப் பத்திரப்படுத்துமாறு கூறப்படும். அவற்றிலுள்ள ஸ்போர்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து இனத்தை அறிய நிபுணர்களால் இயலும்.

காட்டிற்குத் தீங்கு உண்டா?

இத்தனை பேர் ஆண்டுதோறும் பறித்தால் காளான் அருகிவிடாதா என்னும் ஐயம் எழுவது இயல்பே. ஃபிரிபூர்க் மாநிலத்தில் லா ஷனேயா என்னுமிடத்துக் காளான் காப்பகத்தில் 1975-இல் தொடங்கி 29 ஆண்டுகள் ஓர் ஆய்வு நடத்தப்பெற்றது. சில நிலத்துண்டுகளில் காளான்களைத் திருகி எடுத்தனர், சிலவற்றில் அறுத்தெடுத்தனர், சிலவற்றில் தொடாது விட்டனர். 2006-இல் வெளியான முடிவு பலருக்கும் வியப்பளித்தது. பறித்தலால் எண்ணிக்கையோ இனங்களின் வகையோ குறையவில்லை. திருகுதலுக்கும் அறுத்தலுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் மனிதர் மிதித்த நிலத்திற் தோன்றிய காளான்கள் குறைந்தன. இதனாலேயே பாதையை விட்டுப் பலரும் பரவி நடத்தல் கூடாதென வழிகாட்டி வற்புறுத்துகிறார்.

எனினும் காடு அனைவர்க்கும் பொது என்பதால் வரம்புகள் உள்ளன. தேசியப் பூங்காவிற் பறித்தலே கூடாது. பல மாநிலங்களில் ஒருவர் ஒரு நாளில் எடுக்கத்தக்க எடைக்கு உச்ச அளவு விதிக்கப்பட்டுள்ளது. நடையிற் சேர்வோர் அவ்விடத்து விதியை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

ஓரிடத்து அறிவும் வேறிடமும்

காளான் அறிவு இடத்தோடு பிணைந்தது. ஒரு நாட்டில் வாழ்நாள் முழுதும் காளான் பறித்துத் தேர்ந்தவர், மற்றொரு நாட்டின் காட்டில் புதியவரே ஆவார். ஆசிய நாடுகளில் வைக்கோற் காளான் விரும்பி உண்ணப்படுகிறது. முட்டை வடிவிலுள்ள அதன் இளம் பருவமும் மரணக் குடைக் காளானின் இளம் பருவமும் கண்ணுக்கு ஒத்துத் தோன்றும். ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் ஐரோப்பிய ஓக் மரங்கள் நடப்பட்டுள்ளன. அம்மரங்களினடியில் மரணக் குடைக் காளான் முளைக்கிறது. 2011-ஆம் ஆண்டின் இறுதி இரவில் அங்கே அதனைச் சமைத்து உண்டோருள் இருவர் 2012 ஜனவரியில் இறந்தனர். வைக்கோற் காளான் என எண்ணியதே காரணமெனக் கூறப்பட்டது. 2015-இல் ஜெர்மனியில் அடைக்கலம் புகுந்த மக்கள் பலர், தம் நாட்டு உண்காளானென நினைத்து இதே காளானை உண்டு மருத்துவமனைகளிற் சேர்க்கப்பட்டனர். அதன்பின் பல மொழிகளில் எச்சரிக்கைச் சுவரொட்டிகள் வெளியிடப்பட்டன. இவர்களுள் எவரும் அறிவற்றவரல்லர். தம் ஊரின் அறிவை மெய்யென நம்பியவர்களே.

ஆசிரியர்க்கும் களப்பணியாளர்க்கும்

நம் நாட்டிலும் மழைக்காலத்திற் காட்டுக் காளான் உண்ணும் வழக்கம் பல பகுதிகளில் உண்டு. 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில், பெரும்பாலும் தேயிலைத் தோட்டப் பகுதிகளைச் சேர்ந்த பதின்மூவர் காட்டுக் காளான் உண்டு இறந்தனர். ஆல்ப்ஸ் மலையின் பரிசோதனை மேசை நம் சிற்றூர்களில் இல்லை. அதன் நெறியையேனும் நாம் கைக்கொள்ளலாம்.

களப்பணியாளர் தாம் செல்லும் ஊர்களில், வெள்ளிக் கரண்டி முதலான சோதனைகள் பயனற்றவை என்பதைப் பொறுமையுடன் எடுத்துரைக்கலாம். காளான் உண்டபின் ஆறு மணி நேரம் கழிந்து வாந்தி, பேதி தொடங்கினால், அது தணிந்துவிட்டாலும் நோயாளியை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பதையும், மிச்சத்தைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும் என்பதையும் இல்லந்தோறும் அறிவித்தல் நலம்.

ஆசிரியர் மாணாக்கரைக் காட்டுக் காளான் பறிக்க அழைத்துச் செல்ல வேண்டுவதில்லை. கடையில் வாங்கிய, குடை நன்கு விரிந்த காளான் ஒன்றே போதும். தண்டை நீக்கி, தகடுகள் கீழ்நோக்க, ஒரு வெள்ளைத் தாள்மீது குடையை வைத்து, கண்ணாடிக் கிண்ணத்தால் ஓரிரவு மூடி வைக்கவும். மறுநாள் காலையில், உதிர்ந்த ஸ்போர்கள் தகடுகளின் அமைப்பைத் தாளில் வரைந்திருக்கும். கடையில் விற்கும் மொட்டுக் காளானின் ஸ்போர் கரும்பழுப்பு நிறமுடையது. வைக்கோற் காளானுடையது இளஞ்சிவப்பு. மரணக் குடைக் காளானுடையதோ வெண்மை. கண்ணுக்கு ஒன்றுபோற் தோன்றும் இரண்டு உயிர்கள் உண்மையில் எவ்வளவு வேறுபட்டவை என்பதை இவ்வெளிய சோதனை மாணாக்கர்க்கு உணர்த்தும். சோதனை முடிந்தபின் கைகளைக் கழுவச் செய்க.

வழிகாட்டியுடன் ஒரு நாள் நடந்தவர் ஐந்தாறு இனங்களைத் திண்ணமாக அறிந்து திரும்பினால் அதுவே பெரும்பேறு. எஞ்சியவற்றை அவர் காட்டிலேயே விட்டுவிடுகிறார். பெயர் தெரியாத காளான் உணவன்று என்னும் இந்த ஒரு விதியை ஒரு வகுப்பு மாணாக்கர் தத்தம் இல்லங்களுக்கு எடுத்துச் செல்வராயின், அந்தப் பாடம் பயன் அளித்ததாகக் கொள்ளலாம்.